மொட்டைமேட்டின் கடைசிக் கல்

பாளைவேலி என்ற ஊரில், எடுத்துப் போன கற்களெல்லாம் எடுத்த இடத்துக்கே திரும்பிப் போகத் தொடங்கியது ஒரு பங்குனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை, பத்தரை மணி டவுன் பஸ் வந்து போன பிறகு. முதலில் கிளம்பியது பெரியவீட்டின் ஈசானிய மூலைக் கல். நூறு வருசத்துக்கு மேலாகப் பூசிப் பூசி மெழுகிய சுண்ணாம்புக் காரையை உதறிக்கொண்டு அது சுவரிலிருந்து நழுவி வெளியே வந்தது, வாசற்படியில் கொஞ்சம் நின்றது, பிறகு ஓர் ஆள் உயரத்துக்கு எழும்பி, தலைச்சுமையாக யாரோ கொண்டுபோனால் எப்படி அசைந்து அசைந்து போகுமோ அப்படி, கீழே தலையும் இல்லாமல் ஆளும் இல்லாமல், தெருவோடு கிழக்கே போயிற்று. பெரியவீட்டு வைத்திலிங்கம் அப்போது வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேப்பரைத் தாழ்த்தி "யாருடா அது?" என்றார். பதில் சொல்ல யாரும் இல்லாததால் மறுபடியும் பேப்பரைத் தூக்கிக்கொண்டார்.

அந்தக் கல் போய்ச் சேர்ந்த இடத்துக்கு வேம்பு விறகு வெட்ட வந்திருந்தாள். மொட்டைமேடு என்று ஊரார் சொல்லும் அந்த இடம் கீழத்தெருவின் கொல்லைப்புறத்தை ஒட்டி இருந்தது. சீமைக்கருவேலும் சங்கஞ்செடியும் பிரண்டையும் பின்னிப் பிணைந்து, உள்ளே நரி குட்டி போட்டால்கூட வெளியே தெரியாத புதர். முள்ளை ஒதுக்கிக் குனிந்து போனால் வட்டமாகச் சரிந்து கிடக்கும் செங்கல் குவியல், அதன் மேல் ஓர் ஆலங்கன்று, அதன் வேரிடுக்கில் அரணைகள். தலை மழித்த சாமிகள் ஒரு காலத்தில் அங்கே இருந்தார்கள் என்பதும், அவர்கள் யாரைக் கும்பிட்டார்கள், எப்போது போனார்கள், போனார்களா துரத்தப்பட்டார்களா என்பதும் ஊருக்கு அடியோடு மறந்துபோய், பெயரில் மட்டும் அந்த மொட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. பத்து வருசத்துக்கு முன்பு அரசாங்கத்திலிருந்து வந்து, இது பௌத்த ஸ்தூபி, ஆயிரத்து ஐந்நூறு வருசத்துக்குக் குறையாது என்று நீலப் பலகை ஒன்று நட்டுவிட்டுப் போனார்கள். அதை யாரோ பிடுங்கிக் கோழிக்கூண்டுக்குக் கதவாக வைத்துக்கொண்டார்கள்.

வேம்புக்கு ஐம்பது வயது. பக்கத்து ஊர்ச் சூளையில் செங்கல் அறுக்கிறவள். சூளைக்கு லீவு விடுகிற செவ்வாய்தோறும் மேட்டுக்கு வருவாள். விறகுக்கு என்று சொல்லிக்கொள்வாள், ஆனால் விறகு மட்டும் காரணமில்லை. அந்தப் பழங்கல் ஒவ்வொன்றும் முழ நீளம், சாண் அகலம், நாலு விரல் கனம். ஒவ்வொன்றின் முகத்திலும், ஈர மண்ணில் யாரோ இழுத்துவிட்ட மூன்று விரல் தடம் இருக்கும். அந்தத் தடத்தில் அவள் தன் மூன்று விரலையும் வைத்தால், அளவெடுத்துச் செய்தது போல உட்காரும். கல் அறுத்து அறுத்துத் தடித்த விரல் இன்னொரு அறுத்த விரலைத்தான் அறியும் என்று அவளுக்குத் தோன்றும். தோன்றியவுடனே, சுட்டதும் சுமந்ததும் நாங்கள், திருட்டுப் பட்டமும் எங்களுக்கா என்று ஒரு கோபம் கிளம்பும். அப்படி அவள் விரலை வைத்திருந்த வேளையில்தான் பெரியவீட்டுக் கல் முள்ளுக்கு மேலாக அசைந்து வந்து, குவியலின் அடிவரிசையில் ஒரு குழியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தது. அதைச் சுற்றியிருந்த கருவேலஞ்செடி ஒன்று வேரோடு சாய்ந்து வழிவிட்டது.

இந்தக் கற்கள் ஊருக்குள் எப்படிப் போயின என்பதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். பாளைவேலி மேலத்தெருவில் யார் வீடு கட்டினாலும் ஈசானிய மூலையில் முதல் கல் மொட்டைமேட்டுக் கல்லாக இருக்க வேண்டும். அது சாமியார் கல், அசையாத கல், அதை வைத்த குடும்பம் அசையாது என்று வழக்கம். முதல் கல்லுக்கு என்று ஆரம்பித்து, பிறகு முதல் வரிசைக்கு என்றாகி, பிறகு வண்டி வண்டியாக மாட்டுத்தொழுவத்துக்கும் கோயில் மடைப்பள்ளிக்கும் கிணற்றுக்கும் என்று போய்விட்டது. மேட்டிலிருந்து பெயர்த்துச் சுமந்து கொண்டுபோய்க் கொடுப்பது கீழத்தெருக்காரர்கள். ஆனால் கீழத்தெரு வீட்டில் அந்தக் கல் ஒன்றுகூட ஏறக் கூடாது, ஏறினால் ஊருக்கு மழை இருக்காது. தலையில் இருக்கும்வரை ஒன்றும் ஆகாத கல், சுவரில் ஏறினால் மட்டும் எப்படி மழையைத் தடுக்கும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்ட ஒரே ஆள் வேம்புவின் அப்பா அய்யாக்கண்ணு.

முதல் நாள் பதினோரு கல் போயிற்று. மறுநாள் நூற்றுக்கு மேல். வெள்ளிக்கிழமைக்குள் தெருவெல்லாம் கல்லாகிவிட்டது. அவை அவசரப்படவில்லை, யாரையும் இடிக்கவில்லை, பஸ் வந்தால் ஓரமாக ஒதுங்கி நின்று பஸ் போனதும் கிளம்பின. வந்த வழியே திரும்பின, அதுதான் அவற்றின் ஒரே பிடிவாதம். வண்டியில் ஏற்றிப்போன கல் வண்டி உயரத்தில் குலுங்கிக் குலுங்கிப் பழைய வண்டிப்பாதையோடு போயிற்று; அந்தப் பாதையை மறித்துக் கட்டியிருந்த ரைஸ்மில்லில் முன்வாசலால் நுழைந்து பின்வாசலால் வெளியேறிற்று. தலையில் சுமந்த கல் தலை உயரத்தில் போயிற்று. ஆற்றங்கரைச் சுமைதாங்கியை அடைந்ததும், சுமந்த ஆள் வெற்றிலை போட்டு இளைப்பாறியிருந்தால் அந்த வெற்றிலை போடும் நேரம் சுமைதாங்கியின் மேல் உட்கார்ந்து, பிறகு எழுந்து போயிற்று. சுவரில் கிடந்த வருசங்களை மட்டும் அவை ஒரு பொருட்டாக நினைக்கவில்லை.

ஊர் இதற்கு மூன்றே நாளில் பழகிப்போனது. டீக்கடைக் கோவிந்தராசு கூரைத் தாழ்வாரத்தை இரண்டு முழம் உயர்த்திக் கட்டினார், தலை உயரக் கல் தட்டாமல் போக. கண்டக்டர் ஆற்றங்கரைத் திருப்பத்தில் இறங்கி நின்று விசிலடித்துக் கற்களை ஒதுங்கச் சொல்லப் பழகினார். ஒரு கல்யாண ஊர்வலம் கல் வரிசை கடந்துபோகும்வரை நாதஸ்வரத்தை நிறுத்திக் காத்திருந்தது. துணி காயப்போடுகிற பெண்கள் கொடியைத் தாழ்த்திக் கட்டிக்கொண்டார்கள். ஒரு அற்புதத்தைப் பார்க்கிறோம் என்று யாருக்கும் தோன்றவில்லை. யார் வீட்டிலிருந்து எத்தனை கல் போகிறது என்பதைத்தான் எல்லோரும் கண்கொட்டாமல் பார்த்தார்கள்.

பார்க்கப் பார்க்க அசிங்கம் வெளியே வந்தது. நம் பழமையைக் காப்போம் என்று பள்ளிக்கூடத்தில் வருசா வருசம் பேசிய ஓய்வுபெற்ற வாத்தியார் வீட்டுக் கக்கூஸ் நாலு பக்கமும் எழுந்து போய்விட்டது. பீங்கான் மட்டும் வெட்டவெளியில் உட்கார்ந்திருந்தது. எங்கள் வீட்டில் அந்தக் கல் ஒன்றுகூட இல்லை என்று சத்தியம் செய்த குடும்பங்களில் மாட்டுத்தொழுவம் சரிந்தது, துளசிமாடம் சரிந்தது. சிமெண்டைக் குழைத்து அப்பிப் பார்த்தார்கள், கம்பி போட்டு இறுக்கிப் பார்த்தார்கள், ஐயரைக் கூப்பிட்டு சாந்தி செய்து கல்லுக்கு மாலை போட்டார்கள். மாலையோடு கல் போயிற்று.

கீழத்தெருவில் ஒரு சுவரும் அசையவில்லை. கீழத்தெருக்காரர்கள் வாசலில் நின்று கற்கள் போவதைப் பார்த்தார்கள், ஏனென்றால் மேட்டுக்குப் போகிற எல்லா வழியும் அவர்கள் வாசலைத் தொட்டுத்தான் போனது. முதலில் கண்டுபிடித்தவள் குப்பாயி, வேம்புக்குச் சித்தி முறை, வாய் அடங்காதவள். ஒரு கல் வந்தது. இரண்டு எட்டு நேராகவும் மூன்றாவது எட்டில் இடது பக்கம் ஒரு சாய்வாகவும் வந்தது.

"ஏ வேம்பு, இங்க பாருடி. இது உன் சித்தப்பா நடை."

வேம்பு பார்த்தாள். பதினெட்டு வருசத்துக்கு முன்பு செத்துப்போன சித்தப்பா இடுப்புப் பிடிப்போடு நடந்தது அப்படித்தான்.

"செத்தும் பெரியவீட்டு வேலை முடியல பாரு, அந்த மனுசனுக்கு," என்றாள் குப்பாயி. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு கீழத்தெருவில் அடுப்பு சரியாக எரியவில்லை. எல்லோரும் வாசலிலேயே நின்றார்கள். இது என் மாமனார், இது எங்க பெரியம்மா, பிள்ளைத்தாச்சியாக இருந்தப்போ சுமந்தது போல, எவ்வளவு நிதானமா போவுது பாரு என்று ஒவ்வொரு கல்லையும் ஆளாக அடையாளம் சொன்னார்கள். கல் சுமந்த பாட்டன்மார்களெல்லாம் ஊர்வலமாக வந்து, வாங்கின சுமையைத் திருப்பிச் சுமந்துகொண்டு போனார்கள். மேலத்தெருவில் ஒருவர்கூட, கேட்டுக்கொள்ளுங்கள், ஒருவர்கூட, கல் போகிறது என்று சொன்னார்களே தவிர இன்னார் சுமந்து போகிறார் என்று சொல்லவில்லை. அந்த உயரத்தில் ஒரு தலை இருந்திருக்க வேண்டும் என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. வேம்புக்கு அதை நினைக்க நினைக்கப் பற்றிக்கொண்டு வந்தது. வருகிற ஒவ்வொரு கல்லிலும் அவள் அய்யாக்கண்ணுவின் நடையைத் தேடினாள். நூற்றுக்கணக்கில் பார்த்தாள், நீளமாக எட்டு வைத்து, கழுத்தை வளைக்காமல் போகிற நடை அது. பார்த்த ஒவ்வொரு முறையும் வாசலில் இறங்கிக் கொஞ்ச தூரம் கூடவே நடந்துவிட்டுத் திரும்பினாள்.

அய்யாக்கண்ணுவின் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். நாற்பத்தொரு வருசத்துக்கு முன்பு ஒரு மாசி மாதத்தில், பெரியவீட்டு மாட்டுத்தொழுவத்துக்குக் கல் சுமந்து இறக்கிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அவர் வைத்திலிங்கத்தின் அப்பாவிடம் சொன்னார்: "எங்க வீட்டுல ஒத்தக் கல் ஏறக் கூடாதுன்னா, இனிமே உங்க வீட்டுக்குச் சுமக்க எங்க தலையும் கிடையாதுங்க." மறுநாள் கீழத்தெருவிலிருந்து ஒருவரும் மேட்டுக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் பெரியவீட்டிலிருந்து ஆட்கள் வந்து அய்யாக்கண்ணுவின் வீட்டுக்குள் நுழைந்து அடுப்பைப் பார்த்தார்கள். அடுப்பின் வலப்பக்கம், சாம்பலுக்குள் பாதி புதைந்து, மூன்று விரல் தடத்தோடு ஒரு மேட்டுக் கல் இருந்தது. நான் எடுக்கவில்லை என்றார் அய்யாக்கண்ணு. வைத்திலிங்கத்தின் அப்பா அவரோடு பேசாமல், வாசலில் நின்ற ஒன்பது வயது வேம்புவிடம் குனிந்து, "பாப்பா, இந்தக் கல் எங்கே இருந்துச்சு?" என்று கேட்டார்.

"எங்க அடுப்புல," என்றாள் வேம்பு. பொய் சொல்லக் கூடாது என்று அப்பாதான் சொல்லிக்கொடுத்திருந்தார்.

அந்தக் கல்லை அய்யாக்கண்ணு தலையிலேயே வைத்து மேலத்தெருவுக்கு நடத்திக்கொண்டு போனார்கள். ஊர்க் கொட்டகைக்கு முன்னாலிருந்த பூவரச மரத்தடியில், பகல் பதினொன்றிலிருந்து மேய்ச்சல் மாடு திரும்பும்வரை நிற்க வைத்தார்கள். அதன் பிறகு கீழத்தெரு மறுபடியும் சுமந்தது. அய்யாக்கண்ணு இன்னும் இருபது வருசம் உயிரோடு இருந்தார். மகளை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. கடிந்திருந்தால் ஆறியிருக்கும். அப்பா எடுத்தாரா இல்லையா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. எடுக்கவில்லை என்று நம்பினால் தன் வாயால் அவரைக் காட்டிக்கொடுத்தாள் என்றாகிறது, எடுத்தார் என்று நம்பினால் மனம் ஒப்பவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் அவளுக்கு ஐம்பது வயதாகிவிட்டது.

பத்தாவது நாள் தொல்லியல் அதிகாரி வந்தார். அருட்செல்வி என்று பெயர், கண்ணாடி போட்ட, அளந்து பேசுகிற பெண். முள் முழுக்கச் சாய்ந்து விலகிய மேட்டைச் சுற்றி நடந்து பார்த்து, அரைக்கோளமாக எழுந்து நிற்கிற ஸ்தூபியைப் படமெடுத்து, இது சட்டப்படி பாதுகாக்கப்பட்ட இடம், இங்கிருந்து கல் எடுத்தவர்கள் யார் என்று விசாரிக்க வேண்டியிருக்கும் என்று சாதாரணமாகத்தான் சொன்னார். மேலத்தெருவுக்குக் குலை நடுங்கிவிட்டது.

அன்று சாயங்காலமே கொட்டகையில் கூட்டம். வைத்திலிங்கம் பேசினார். அவருக்கு இப்போது அறுபத்தைந்து வயது, ஊருக்கு நாட்டாமை. பத்து எட்டு நடந்தால் ஒரு தரம் நின்று, வேட்டியை அவிழ்த்து உதறி இறுக்கிக் கட்டிக்கொள்வார். இளவட்டமாக இருந்த காலத்திலிருந்து அந்தப் பழக்கம், ஊரில் எல்லோரும் அவரை நடித்துக்காட்டுவது அப்படித்தான். மேட்டை ஒட்டிக் குடியிருக்கிறவர்கள் கீழத்தெருக்காரர்கள், கல்லைப் பெயர்த்தவர்களும் அவர்கள், பெயர்த்து நமக்கு விற்றவர்களும் அவர்கள், நாம் தெரியாமல் வாங்கினவர்கள் என்று வாய் கூசாமல் சொன்னார். அய்யாக்கண்ணு கையும் களவுமாகப் பிடிபட்டது ஊரறிந்தது என்றார். ஆகவே கீழத்தெரு இருபத்திரண்டு வீட்டையும் அங்கிருந்து அப்புறப்படுத்த வேண்டும் என்று மனு எழுதி மேலத்தெரு முழுக்கக் கையெழுத்துப் போட்டது. கக்கூஸ் போன வாத்தியார் முதல் கையெழுத்து.

கீழத்தெருக்காரர்கள் கொட்டகைக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். வேம்பு ஜன்னலோரம் நின்றாள். உள்ளே கூட்டத்துச் சத்தத்துக்கு நடுவே, மூலையிலிருந்த இரும்பு பீரோவிலிருந்து டொக், டொக் என்று ஒரு சத்தம் வந்தது.

"எலி," என்றார் வைத்திலிங்கம், யாரும் கேட்பதற்கு முன்பே.

மறுநாள் காலை அதிகாரி மனுவைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லோரும் மேட்டுக்கு வாருங்கள், நேரில் பார்த்தே பேசிவிடலாம் என்றார். மேலத்தெருவும் கீழத்தெருவும் ஒன்றாக அந்த மேட்டுக்குப் போனது ஊர்ச் சரித்திரத்தில் அதுதான் முதல் தடவை. முள் இல்லை, புதர் இல்லை. ஆலங்கன்றைக்கூடக் கற்கள் நோகாமல் நகர்த்தி ஓரமாக நட்டிருந்தன. வட்டமான மேடையும் அதன்மேல் கவிழ்ந்த அரைக்கோளமுமாகச் செங்கல் சிவந்து நின்றது. ஆயிரக்கணக்கான விரல் தடங்கள் வெயிலில் தெரிந்தன. கிழக்கு முகத்தில், மார்பு உயரத்தில், ஒரே ஒரு கல்லுக்கு மட்டும் இடம் காலியாக இருந்தது.

"பாத்தீங்களாம்மா?" என்றார் வைத்திலிங்கம். "எங்க கல்லெல்லாம் வந்துடுச்சு. வராத கல்லு எங்க இருக்கும்? அய்யாக்கண்ணு மவ வீட்டு அடுப்பப் பாருங்க. அப்பன் புத்தி எங்க போவும்."

கீழத்தெருக்காரர்கள் முணுமுணுத்தார்கள். வேம்பு முன்னால் வந்தாள்.

"என் வீட்டைத் தேடுங்கம்மா," என்று அதிகாரியிடம் சொன்னாள். "அடுப்ப நானே இடிச்சுக் காட்டுறேன். ஆனா போற வழியில அந்தக் கொட்டகையில ஒரு நிமிசம் நில்லுங்க. நேத்திலேருந்து ஒண்ணு உள்ள கெடந்து தட்டிக்கிட்டு இருக்கு."

"எலிம்மா அது. சாவி வேற தொலைஞ்சுபோச்சு," என்றார் வைத்திலிங்கம்.

"இரும்ப இடிக்கிற எலியா?" என்றாள் குப்பாயி. "அப்படி ஒரு எலி இருந்தா நான் பாக்கணும். சோறு போட்டு வளக்குறேன்."

அதிகாரி கொட்டகைக்கு நடந்தார். பீரோ அதற்குள் உள்ளிருந்து புடைத்துப்போயிருந்தது. தொலைந்த சாவி வைத்திலிங்கத்தின் அரைஞாணிலேயே இருந்தது, எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் அவர் இடுப்பைப் பார்த்தார்கள், அவர் அவிழ்த்துக் கொடுத்தார். கதவு திறந்ததும் திருவிழாக் குத்துவிளக்குகளை விலக்கிக்கொண்டு ஒரு கல் வெளியே வந்தது. அதில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. "அய்யாக்கண்ணு திருடின கல்" என்று வைத்திலிங்கத்தின் அப்பா கையெழுத்து.

"நான் சொல்லல?" என்றார் வைத்திலிங்கம். அவருக்குப் போன உயிர் திரும்பி வந்துவிட்டது.

கல் அவரைத் தாண்டி வெளியே போயிற்று. பூவரச மரத்தடிக்குப் போய், உயர்ந்து, வேம்புவின் தலைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் நின்றது. அப்படியே நின்றுவிட்டது. சுமந்தவர் நின்ற நேரம் கல்லும் நிற்கும் என்பது இதற்குள் பாளைவேலியில் எல்லோருக்கும் தெரியும். மணி பதினொன்று.

கொஞ்ச நேரம் ஆனதும் மேலத்தெருவில் சிலர் மெல்ல நகர்ந்தார்கள். வைத்திலிங்கம் டீக்கடைப் பக்கம் பார்த்து, ஒரு நாற்காலி கொண்டாரச் சொன்னார்.

"உக்காராதீங்க," என்றாள் வேம்பு.

அவளை அதுவரை யாரும் அப்படிப் பேசிக் கேட்டதில்லை. அவளே கேட்டதில்லை.

"எங்கப்பா நின்ன நேரம் பூரா நில்லுங்க. ஒருத்தரும் போவக் கூடாது. அன்னிக்கும் நீங்க எல்லாரும் இங்கதானே இருந்தீங்க, உக்காந்து பாத்தீங்க. இன்னிக்கு நின்னு பாருங்க."

அதிகாரி பையைத் தோளிலிருந்து இறக்கிக் கீழே வைத்துவிட்டு நின்றார். அவர் நின்றதால் மற்றவர்களும் நின்றார்கள். உச்சிவெயில் வந்தது, போயிற்று. கல் நடுநடுவே கொஞ்சம் தாழ்ந்தது, சுமக்கிறவருக்குக் கழுத்து தளர்ந்தது போல. தாழ்ந்த மாத்திரத்தில் மறுபடி நிமிர்ந்தது. ஒரு தரம் தாழ்ந்தபோது குப்பாயி ஓடிப்போய்க் கையைத் தாங்கலாக நீட்டினாள். வேம்பு அழவில்லை. எதிரே நிற்கிறவர்களை ஒவ்வொருவராக முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள், அவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

மாடுகள் புழுதி கிளப்பிக்கொண்டு திரும்பியபோது கல் நகர்ந்தது. அதே உயரத்தில், நீள எட்டு வைத்து, கழுத்தை வளைக்காமல், மேலத்தெருவைக் கடந்து கீழத்தெருவுக்குப் போயிற்று. ஊரே பின்னால் போயிற்று. வேம்பு இன்றும் குடியிருக்கிற அவள் அப்பாவின் வீட்டுக்குள் நுழைந்து, அடுப்படியில் இறங்கி, அடுப்பின் வலப்பக்கம் உட்கார்ந்தது. இனி அது மறுபடியும் அப்பாவின் தலைக்கு எழும்பி நேராக மேட்டுக்குப் போனால், எடுத்தவர் அவர்தான். வாசலை அடைத்துக்கொண்டு நின்ற கூட்டம் எட்டி எட்டிப் பார்த்தது.

கல் எழுந்தது. தலை உயரத்துக்கு வரவில்லை. விலா உயரத்தில், யாரோ துண்டைப் போர்த்தி இடது அக்குளில் இடுக்கிக்கொண்டது போல ஒருக்களித்து எழுந்தது. பின்வாசலால் வெளியே போயிற்று. மேட்டுப் பக்கம் திரும்பவில்லை. கொல்லைகளுக்குப் பின்னால், வாய்க்கால் கரையோடு, மேலத்தெருவைப் பார்த்துப் போயிற்று. பத்து எட்டு போனதும் நின்றது. நின்று, ஒரு குலுக்குக் குலுங்கி, இன்னும் கொஞ்சம் இறுக்கமாக ஒடுங்கிக்கொண்டு, மறுபடி பத்து எட்டு போயிற்று. நின்றது. குலுங்கியது. போயிற்று.

மூன்றாவது தடவை கல் நின்றபோது, அதன் பின்னாலேயே வந்துகொண்டிருந்த வைத்திலிங்கமும், பழக்க தோஷம், நின்று வேட்டியை அவிழ்த்து உதறினார். கல்லும் அவரும் ஒன்றாக நின்றார்கள், ஒன்றாகக் குலுங்கினார்கள். வேட்டி நுனி கையில் இருக்க அவர் நிமிர்ந்து பார்த்தார். மேலத்தெரு, கீழத்தெரு, அதிகாரி, டீக்கடைக் கோவிந்தராசு, எல்லோரும் கல்லையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் வேட்டியைக் கட்ட மறந்து கையில் பிடித்துக்கொண்டே மிச்ச வழியை நடந்தார்.

கல் பெரியவீட்டுக் கொல்லைக்குப் போய், சரிந்துபோன மாட்டுத்தொழுவத்தின் மண்ணில் இறங்கியது. அங்கே ஒரு கணம் இருந்தது. பிறகு அங்கிருந்து அய்யாக்கண்ணுவின் தலை உயரத்துக்கு எழுந்தது.

"எங்கப்பா சொன்னாரு," என்றார் வைத்திலிங்கம். "எனக்கு இருவத்தி நாலு வயசு. வச்சிட்டு வாடான்னாரு. சுமக்க ஆள் வரமாட்டேன்னுட்டா ஊரு என்னாவுறதுன்னாரு."

"எங்க அடுப்புலதான் இருந்துச்சுன்னு நான் சொன்னேன்," என்றாள் வேம்பு. "உண்மையத்தான் சொன்னேன். ஒம்பது வயசுல நான் உண்மையச் சொன்னேன். அது எப்படி வந்துச்சுன்னு உங்கள்ல ஒருத்தரும் என்னைக் கேக்கல. எங்கப்பாவக் கேக்கல. நாப்பத்தோரு வருசமா அந்த பீரோவ நீங்க தெறந்து தெறந்து மூடியிருக்கீங்க, குத்துவிளக்கு எடுக்க, குத்துவிளக்கு வைக்க. ஒரு நாளாவது உங்களுக்குக் கூசலயா?"

அதிகாரி மனுவை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார். கிழிக்காமல் ஏன் வைத்துக்கொள்கிறார் என்று வாத்தியார் கவலையோடு கேட்டார். "இத்தனை பேர் கையெழுத்து போட்டிருக்கீங்களே சார், யார் யார்னு தெரியணும் இல்ல," என்றார் அவர்.

கல் மேட்டை நோக்கிப் போயிற்று. வேம்பு அதன் கீழே நடந்தாள். அது அவள் தலையில் படவில்லை, ஒரு சாண் இடைவெளி விட்டு வந்தது. ஸ்தூபியின் கிழக்கு முகத்துக்கு வந்ததும் மார்பு உயரத்துக்கு இறங்கி, காலியாக இருந்த இடத்துக்குள் போய் அமர்ந்தது. ஒட்டியிருந்த காகிதம் கழன்று விழுந்தது. குப்பாயி அதன்மேல் காறித் துப்பினாள்.

வைத்திலிங்கம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்பு, செங்கல்லெல்லாம் அடுப்புக்குள்ளிருந்து எடுத்தது போல் சிவந்திருந்தது. அவர் ஸ்தூபியைப் பார்த்து இரண்டு கைகளையும் குவித்தார். சாமியிடம் முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்ற நினைப்பு அந்தக் கும்பிடில் நன்றாகத் தெரிந்தது.

"அங்க இல்ல," என்றாள் வேம்பு. "இந்தப் பக்கம் திரும்புங்க."

அவர் திரும்பினார். குவித்த கையோடு அவள் முகத்தைப் பார்த்தார், பார்க்க முடியாமல் தலை குனிந்தார்.

"குனியாதீங்க. எனக்கும் இல்ல அது. இன்னும் மேல பாருங்க. எங்கப்பா என்னைவிட ஒரு சாண் உசரம்."